கடதாசிப்பூக் கொடிக்கு நாம் செய்யும் பிழைகள்

போன மாதம் திருகோணமலை உப்புவெளிப் பக்கம் ஒரு மதிலைத் தாண்டிப் போனேன். கடதாசிப்பூக் கொடி, போகன்வில்லா என்றாலும் அதுதான், மதிலுக்கு மேலால் பச்சைப் பசேலென்று பொங்கிக் கிடக்கிறது, பெயருக்கு ஒரு பூ இல்லை. அந்த வீட்டு அக்கா ஹோஸ் பைப்போடு அடியில் நின்று தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். 10 வருடத்துக்கு முதல் நானும் அப்படித்தான் நின்றேன், மனசு கேட்கவில்லை, எழுதுகிறேன். வெயில் வேண்டும், முள் குத்தும் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

தினமும் தண்ணீர் ஊற்றுவது

இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருவது இந்தப் பிழையில்தான். திருகோணமலையில் கச்சான் என்கிற வறண்ட தென்மேற்குக் காற்று அடிக்கத் தொடங்கினால் வளவுப் புல்லே கருகிவிடும், அதைப் பார்த்துவிட்டுக் கொடிக்கும் இரங்குகிறோம். நான் காலையில் ஒரு வாளி, பின்னேரம் ஒரு வாளி ஊற்றினேன், போதாதென்று மாதம் ஒருதரம் யூரியாவும் போட்டேன். கொடி கூரை வரைக்கும் ஏறியது. 2 வருடமாகப் பூ இல்லை. கன்று சரியில்லை என்று விற்றவரில் பிழை சொன்னேன், அது அநியாயம். கடைசியில் மார்கழி மழைக்கு அடியில் தண்ணீர் தேங்கி வேர் அழுகிப்போனது. கன்றுக் காசு, பந்தல் காசு, அந்த 2 வருடம், ஒன்றும் திரும்பி வரவில்லை.

அப்புறம்தான் கவனித்தேன், யாருமே தண்ணீர் ஊற்றாத தெருவோரக் கொடிதான் கச்சான் காலத்தில் இலை தெரியாமல் பூத்து நிற்கிறது. தென்னமெரிக்காவிலிருந்து வந்த இந்தச் செடி, வேர் பிடித்துவிட்டால் வறட்சியைத் தாங்கும். மண் காய்ந்தால் தழைப்பதை நிறுத்திவிட்டுப் பூக்கத் தொடங்கும். நாம் பூ என்று சொல்கிற அந்த நிறமெல்லாம் உண்மையில் இலைதான், நடுவில் இருக்கிற சின்ன வெள்ளைக் குழல்தான் பூ. யூரியாவில் இருக்கிற நைட்ரஜன் பச்சை இலைக்குத்தான் உதவும். அதனால் நட்ட முதல் வருடம் ஒழுங்காக ஊற்றுங்கள், எங்கள் மணல் மண்ணில் அது கட்டாயம். பிறகு, இலை கொஞ்சம் துவண்டதைக் கண்டால் மட்டும் அடிவேர் நனைய ஊற்றிவிட்டு, மண் நன்றாகக் காயும் வரைக்கும் கிட்டப் போகாதீர்கள்.

மண்ணை உதறி நடுவது

இதன் வேர் மெல்லியது, தொட்டால் முறியும். பொலித்தீன் பையைப் பக்கவாட்டில் கீறி, மண்கட்டி உடையாமல் அப்படியே குழிக்குள் இறக்குங்கள். வேரைப் பார்க்கும் ஆசையில் உதறிய 2 கன்றுகள் என் கையாலேயே பட்டுப்போயின.

கட்டாமல் விடுவது

மல்லிகை போலத் தானாகச் சுற்றாது, பற்றிப் பிடிக்கச் சுருளும் கிடையாது. தும்புக் கயிற்றால் தளர்வாகக் கட்டுங்கள், கம்பி தண்டை அறுக்கும்.

வெட்டப் பயப்படுவது

புதுத் தளிரில்தான் பூக்கும். பூ உதிர்ந்த கையோடு வெட்டுங்கள்.

அடி பள்ளமாக இருப்பது

ஐப்பசி மழைக்கு முதல் மண் போட்டு மேடாக்குங்கள்.