வட்டக்கோட்டைக்குப் போகிறீர்களா? செருப்பைக் கழற்றாதீர்கள்

கன்னியாகுமரியில் கூட்டம் அலுத்துவிட்டால் அஞ்சுகிராமம் பக்கம் ஆறேழு கிலோமீட்டர் போய், வட்டக்கோட்டையில் ஒரு காலைப்பொழுதைச் செலவிடுங்கள். கோட்டை மேலே நின்றால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் தென்னந்தோப்புகளுக்குப் பின்னால் மலைத்தொடர். காலை வெயில் நேராக மலைமேல் விழுவதால் மடிப்புகள் எல்லாம் துல்லியமாகத் தெரியும். சாயங்காலம் சூரியன் மலைப்பக்கம் இறங்கிவிடும், அந்த அழகு கிடைக்காது. அதனால்தான் காலையில் போகச் சொல்கிறேன்.

கீழே கடற்கரை மணல் கருப்பு. இல்மனைட் போன்ற கனிமங்கள் கலந்திருப்பதால் அந்த நிறம். பத்து மணிக்கு மேல் அது கொதிக்கும். குழந்தைகளை வெறுங்காலோடு இறக்கிவிடாதீர்கள். குளிக்கவும் வேண்டாம், கரையில் நின்று கால் நனைத்தால் போதும். ஆடி மாதம் என்றால் காற்று பலமாக இருக்கும், தொப்பி நிற்காது. தலையில் துண்டு கட்டிக்கொள்ளுங்கள்.

அப்புறம், மதில் கற்களை ஒருமுறை தொட்டுப் பாருங்கள். 1741-ல் குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டி லனாய், பிறகு திருவிதாங்கூர் படையில் சேர்ந்து பலப்படுத்திய கோட்டை இது. பெயரில்தான் வட்டம், கட்டடம் செவ்வகம்.

தண்ணீர் பாட்டிலைக் கையோடு கொண்டுபோங்கள், காலியானதைத் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள்.