பூனைக்கு இன்சூரன்ஸ்: குட்டிக்கு எடுக்கும்போதே கிழட்டுப் பூனையை நினையுங்கள்

பிரிட்டனில் குட்டிப் பூனை வீட்டுக்கு வந்ததும் பலர் செய்வது இதுதான்: விலை ஒப்பிடும் தளத்தைத் திறந்து, மேலே வரும் மலிவான பாலிசியை எடுத்துவிடுவது. கார் இன்சூரன்ஸுக்கு அந்த வழி சரி. இந்த வருடம் ஒரு கம்பெனி, அடுத்த வருடம் இன்னொன்று என்று தாவிக்கொண்டே இருக்கலாம். பூனை விஷயத்தில் ஒருமுறை நோய் வந்துவிட்டால் தாவ முடியாது. அடுத்த கம்பெனி அதை 'ஏற்கெனவே இருந்த நோய்' என்று ஒதுக்கிவிடும். ஆகவே எட்டு வாரக் குட்டிக்கு எடுக்கும் பாலிசியை, பன்னிரண்டு வயதுப் பூனையை மனதில் வைத்து எடுக்க வேண்டும்.

நாலு வகை

விளம்பரத்தில் எல்லாம் ஒரே மாதிரி தெரியும். உள்ளே நாலு வகை.

விபத்துக்கு மட்டும் உள்ளது முதலாவது. கார் அடித்தால் பணம் வரும், நோய் வந்தால் ஒரு பென்னி வராது. இரண்டாவது காலவரம்பு உள்ளது: ஒரு நோய் தொடங்கிய நாளிலிருந்து 12 மாதம், அல்லது குறிப்பிட்ட தொகை, எது முதலில் முடிகிறதோ அதுவரை. பிறகு அந்த நோய்க்குக் கதவு மூடிவிடும். மூன்றாவதில் கால வரம்பு கிடையாது, ஆனால் ஒவ்வொரு நோய்க்கும் ஒரே ஒரு உண்டியல். காலியானால் காலிதான். நான்காவது லைஃப்டைம்: இடைவெளி விடாமல் புதுப்பித்தால் உண்டியல் ஒவ்வொரு வருடமும் மறுபடி நிரம்பும்.

ஏழு வயதில் பூனைக்குச் சர்க்கரை நோய் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். தினம் இரண்டு வேளை இன்சுலின், ஊசி, அடிக்கடி ரத்தப் பரிசோதனை என்று வருடத்துக்கு 1,200 பவுண்டு ஆகிறது. காலவரம்புப் பாலிசி ஓராண்டில் கைகழுவிவிடும். நோய்க்கு 3,000 பவுண்டு என்ற மூன்றாம் வகை இரண்டரை வருடம் தாங்கும். லைஃப்டைம் மட்டும்தான் பூனையோடு கூட நடக்கும். தைராய்டு அதிகமாகச் சுரப்பதும், சிறுநீரகம் மெல்ல மெல்லப் பழுதாவதும் வயதான பூனைகளில் சர்வசாதாரணம். இரண்டுமே ஒரு பில்லோடு தீர்கிற நோய்கள் அல்ல.

எனவே லைஃப்டைம்தான் எடுக்க வேண்டியது. அதற்குக் கை எட்டாவிட்டால் மூன்றாம் வகையில் பெரிய தொகை. காலவரம்புப் பாலிசியை யாருக்கும் சிபாரிசு செய்ய மனம் வருவதில்லை. நீண்ட நோய் வரும் நேரத்தில்தான் அது விலகிக்கொள்ளும்.

லைஃப்டைமிலும் ஒரு உள்குத்து உண்டு. 'வருடத்துக்கு 5,000' என்றால் எல்லா நோய்க்கும் சேர்த்தா, ஒவ்வொரு நோய்க்கும் தனித்தனியா? சில பாலிசிகளில் பெரிய எழுத்தில் 5,000 இருக்கும், உள்ளே ஒரு நோய்க்கு 1,000 தான் என்று சின்ன எழுத்து சொல்லும். 4,000க்குக் கீழே இறங்க வேண்டாம். 7,000 என்றால் நிம்மதி. இடுப்பெலும்பு உடைந்த பூனையைச் சிறப்பு மருத்துவமனைக்கு அனுப்பினால் ஸ்கேன், அறுவை, தங்கும் செலவு என்று சில ஆயிரம் ஒரே வாரத்தில் போய்விடும்.

எக்ஸெஸ் கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பாருங்கள்

கிளெய்ம் போடும்போது பில்லில் முதலில் நீங்கள் தரும் தொகைதான் எக்ஸெஸ். அதோடு பூனை குறிப்பிட்ட வயதைத் தாண்டியதும் பல கம்பெனிகளில் கோ-பே, அதாவது பில்லில் இத்தனை சதவீதம் உங்களுடையது என்ற பங்கும் சேரும். 8 வயதா, 10 வயதா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சிலர் முதல் நாளிலிருந்தே வைப்பார்கள்.

பில் 2,400 பவுண்டு, எக்ஸெஸ் 100, கோ-பே 20 சதவீதம். முதலில் 100 கழித்து, மீதி 2,300இல் 20 சதவீதம் எடுத்தால் 460. மொத்தம் உங்கள் பங்கு 560. சதவீதத்தை முதலில் எடுத்து எக்ஸெஸைப் பிறகு கழித்தால் 480ம் 100ம் சேர்ந்து 580. வித்தியாசம் சின்னதுதான், ஆனால் கோ-பே இருக்கிறதா இல்லையா என்பது சின்னதல்ல. மாதம் 3 பவுண்டு குறைவு என்று எடுத்த பாலிசி, ஒரே பில்லில் பத்து வருடச் சேமிப்பைத் தின்றுவிடும்.

லைஃப்டைமில் எக்ஸெஸ் பெரும்பாலும் 'ஒரு நோய்க்கு, ஒரு பாலிசி வருடத்துக்கு' என்ற கணக்கு. புதுப்பிக்கும் தேதி சிகிச்சையின் நடுவில் விழுந்தால் அதே நோய்க்கு இரண்டு முறை கட்ட வேண்டும். சில கம்பெனிகள் தங்கள் பட்டியலில் இல்லாத சிறப்பு மருத்துவமனைக்குப் போனால் தனியாக ஒரு தொகை பிடிப்பார்கள். வீட்டுக்கு அருகில் இருக்கும் அவசர மருத்துவமனை அந்தப் பட்டியலில் உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் இரண்டு வாரம்

பாலிசி தொடங்கிய உடனே நோய்க்குப் பணம் வராது. வழக்கமாக 14 நாள் காத்திருப்பு உண்டு. விபத்துக்குச் சில நாட்கள். அந்த 14 நாளுக்குள் தெரியும் எந்த அறிகுறியும் பின்னால் விலக்காகிவிடும். அதனால் குட்டி வீட்டுக்கு வரும் அன்றே பாலிசி தொடங்கட்டும். காப்பகத்திலோ இனவிருத்தி செய்பவரிடமோ வாங்கினால் பல நேரம் சில வாரத்துக்கு இலவசக் காப்பீடு தருவார்கள். அதை நீங்கள்தான் தொலைபேசியிலோ தளத்திலோ தொடங்கிவைக்க வேண்டும், தானாக ஓடாது. அது முடிவதற்குள் அதே கம்பெனியில் தொடர்ந்தால் காத்திருப்பு நாள் மறுபடி உண்டா என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிவையுங்கள்.

அடுத்தது வெட், அதாவது விலங்கு மருத்துவர், எழுதும் குறிப்பு. முதல் கிளெய்ம் போடும்போது கம்பெனி பூனையின் முழு மருத்துவக் குறிப்பையும் வரவழைத்துப் படிக்கும். அவர்கள் தேடுவது நோயின் பெயரை மட்டுமல்ல, அறிகுறியையும்தான். காப்பகத்திலிருந்து வந்த குட்டிக்கு முதல் பரிசோதனையில் 'இடது கண்ணில் நீர், லேசான தும்மல்' என்று ஒரு வரி. பூனைகளில் ஹெர்பிஸ் கிருமி ஒருமுறை தொற்றினால் உடலில் தங்கிவிடும், மன அழுத்தத்தில் திரும்பத் தலைகாட்டும். மூன்று வருடம் கழித்துக் கண்ணில் புண் வந்தால், அந்த ஒரு வரியைக் காட்டிக் கிளெய்மை மறுக்க வழி இருக்கிறது.

இதற்காக எதையும் மறைக்க வேண்டாம். கேட்ட கேள்விக்குக் கவனமாக உண்மையான பதில் சொல்வது 2012ஆம் ஆண்டுச் சட்டப்படி உங்கள் கடமை, மறைத்தது தெரிந்தால் முழுக் கிளெய்மும் போகலாம். வேறு இரண்டு வேலைகள் செய்யலாம். வெட்டிடம் குறிப்பின் நகலை வாங்கிப் படியுங்கள். தவறாகப் பதிவானது இருந்தால் அப்போதே திருத்தச் சொல்லுங்கள். பிறகு, 24 மாதம் அறிகுறியோ சிகிச்சையோ இல்லாத பழைய பிரச்சினையை மறுபடி ஏற்றுக்கொள்ளும் கம்பெனிகளும் உண்டு. அந்த விதி பாலிசியில் இருக்கிறதா என்று பாருங்கள்.

படிக்க வேண்டிய இடங்கள்

ஒவ்வொரு பாலிசியோடும் ஒரு சுருக்க ஆவணம் வரும். அதில் தொடங்கி, பிறகு முழு விதிமுறையில் இந்த வார்த்தைகளைத் தேடுங்கள்.

பல். பூனைகளுக்குப் பல் வேர் கரைந்துபோவது நிறையவே வரும். விபத்தில் உடைந்த பல்லுக்கு மட்டுமா, பல் நோய்க்கும் உண்டா? நோய்க்கு உண்டென்றால், வருடம் ஒருமுறை வெட் பல்லைப் பார்த்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கும். ஒரு வருடம் தவறினால் போயிற்று.

உள் வரம்பு. மொத்தம் 7,000 என்றாலும் ஸ்கேனுக்கு இவ்வளவு, மருந்து உணவுக்கு இவ்வளவு என்று குட்டி வரம்புகள் ஒளிந்திருக்கும்.

மருந்து. எஃப்ஐபி என்ற நோய் இளம் பூனைகளைக் கொல்வது. 2021 முதல் பிரிட்டனில் அதற்குச் சட்டப்படி மருந்து கிடைக்கிறது, வழக்கமான சிகிச்சை 84 நாள், செலவு ஆயிரக்கணக்கில். மருந்து முறையான உரிமம் பெறாத 'சிறப்புத் தயாரிப்பு' வகையாக இருந்தாலும் பணம் தருவார்களா என்று எழுதிக் கேளுங்கள்.

பரம்பரை நோய். சாதாரண நாட்டுப் பூனைக்கு இது பெரிய விஷயமில்லை. மெய்ன் கூன், ராக்டால் பூனைகளுக்கு இதயத் தசை தடிப்பது, பாரசீகப் பூனைக்குச் சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் என்று இனத்தோடு வரும் நோய்கள் உண்டு. அவற்றுக்கு விலக்கு இல்லாத பாலிசியே வேண்டும்.

மூன்றாம் நபர் பொறுப்பு, அதாவது பிராணி பிறருக்குச் செய்யும் சேதத்துக்கான காப்பு, என்று ஒரு வரி கவர்ச்சியாக இருக்கும். அது நாய்க்காரர்களுக்கு. பூனைக்கு அதற்காகக் கூடக் காசு கொடுக்காதீர்கள்.

பணம் வராதவை

தடுப்பூசி, கருத்தடை, தெள்ளு மருந்து, பூச்சி மருந்து எல்லாம் உங்கள் செலவு. ஆனால் தடுப்பூசியை விட்டுவிட்டால் அந்த நோய்களுக்கான கிளெய்மும் போகும். முதல் ஊசி 8 அல்லது 9 வாரத்தில், அடுத்தது மூன்று நாலு வாரம் கழித்து, பிறகு ஓராண்டில் பூஸ்டர். இங்கிலாந்தில் 2024 ஜூன் 10 முதல் 20 வாரத்துக்குள் மைக்ரோசிப் கட்டாயம், தவறினால் 500 பவுண்டு வரை அபராதம். சிப் எண்ணின் பதிவில் உங்கள் பெயரும் முகவரியும் மாற்றப்பட்டிருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

'இதெல்லாம் எதற்கு, மாதம் 15 பவுண்டை நாமே சேர்த்துவைப்போம்' என்பவர்களுக்கு ஒரு கணக்கு. மூன்று வருடத்தில் 540 பவுண்டு சேரும். நம் வீடுகளில் சாமி படத்துக்குப் போட்ட மாலையின் நாரோ நூலோ வாடியதும் தரையில் கிடக்கும். குட்டி அதை விளையாட்டாக இழுத்து விழுங்கும். ஒரு முனை நாக்கின் அடியில் மாட்டிக்கொள்ள, மறுமுனை குடலில் இறங்கும். குடல் அந்த நூலின் மேல் சுருக்குப்பை போலச் சுருங்கி, நூல் சுவரை அறுக்கத் தொடங்கும். வெளியே தெரிகிற நூலை இழுக்கவே கூடாது. அவசர அறுவைதான் வழி, அதற்கு 540 காணாது. ஆண் பூனைக்குச் சிறுநீர் அடைப்பும் அப்படித்தான்: மணல் பெட்டியில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்து ஒரு சொட்டும் வராவிட்டால் அன்றைக்கே ஓட வேண்டும். ஒருமுறை வந்தது திரும்ப வரவும் கூடும்.

கிளெய்ம், தகராறு, புதுப்பிப்பு

கம்பெனி வெட்டுக்கு நேரடியாகப் பணம் கட்டுமா என்று பாலிசி எடுக்கும் முன்னே வெட்டிடமே கேளுங்கள். எல்லா இடத்திலும் ஒத்துக்கொள்வதில்லை. இல்லையென்றால் முழுப் பில்லையும் நீங்கள் கட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். திட்டமிட்ட பெரிய சிகிச்சைக்கு முன்அனுமதி வாங்குங்கள்.

மறுத்தால், எந்த விதியின் கீழ் மறுத்தார்கள் என்று எழுத்தில் கேட்டு, வெட்டிடம் ஒரு கடிதம் வாங்கிப் புகார் கொடுங்கள். கம்பெனிக்கு 8 வாரம் அவகாசம். இறுதிப் பதில் திருப்தியில்லையென்றால் 6 மாதத்துக்குள், நிதி நிறுவனங்கள் மீதான புகார்களை விசாரிக்கும் ஃபைனான்ஷியல் ஆம்புட்ஸ்மனிடம் போகலாம், கட்டணம் இல்லை.

முதல் வருட விலை தள்ளுபடியாக இருக்கலாம். அதே பாலிசிக்கு 1 வயதுப் பூனை, 9 வயதுப் பூனை என்று இரண்டு விலை எடுத்துப் பாருங்கள். துல்லியமாக இராது, போகப் போக எங்கே ஏறும் என்று கோடு தெரியும். அந்த ஏற்றம் தாங்காது என்றால் இப்போதே குறைந்த வரம்புள்ள லைஃப்டைம் ஒன்றை எடுங்கள். எடுத்த பிறகு மனம் மாறினால் 14 நாளுக்குள் ரத்து செய்யலாம்.

கம்பெனியை மாற்றியே ஆக வேண்டும், பூனையும் இதுவரை நோயில்லாமல் இருக்கிறது என்றால், புதியது தொடங்கி காத்திருப்பு நாள் முடியும்வரை பழையதை நிறுத்தாதீர்கள்.