டிவியை முதுகு பார்த்து வாங்குங்கள்

போன ஐப்பசியில் என் மேசை மேல் ஒரே நேரத்தில் இரண்டு டிவிகள் கிடந்தன. இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே மாடல், 43 இன்ச், வாங்கி மூன்று வருடம். ஒன்று பரமக்குடியில் இருக்கும் என் சகலை வீட்டுது. பிள்ளை ரிமோட்டை எறிந்து ஸ்கிரீனை உடைத்துவிட்டான். இன்னொன்று பாம்பன் வடகடல் ஓரத்து வீட்டுது. சத்தம் வருகிறது, படம் இல்லை.

இரண்டின் பின்மூடியையும் கழற்றினேன். பரமக்குடி டிவிக்குள் தூசி, ஊதினால் போகிற தூசி. பாம்பன் டிவியில் பின்மூடியைக் கழற்றவே அரை மணி நேரம். ஸ்க்ரூ தலையெல்லாம் துருவேறி டிரைவர் வழுக்கியது. உள்ளே பவர் போர்டில், தேய்க்காமல் விட்ட குத்துவிளக்கு மாதிரி பச்சைக் களிம்பு. முன்பக்கம் பார்த்தால் இரண்டுக்கும் ஒரே முகம்.

பாம்பனில் 22 வருடமாக டிவி ரிப்பேர் பார்க்கிறேன். "எந்த டிவி வாங்கலாம்ணே?" என்று வாரத்துக்கு நாலு பேராவது கேட்பார்கள். கம்பெனி பெயர் சொல்வதை விட்டுவிட்டேன். எப்படிப் பார்த்து வாங்குவது என்று மட்டும் சொல்வேன். மண்டபம், தங்கச்சிமடம், கீழக்கரை, தொண்டி என்று கடல் காற்று படுகிற ஊர்க்காரர்களுக்காகத்தான் இது. கடலை விட்டுத் தள்ளி இருப்பவர்கள் பாதியைத் தள்ளிவிட்டுப் படிக்கலாம்.

முதலில் எதிரி யாரென்று தெரிந்துகொள்ளுங்கள். காற்றில் வரும் உப்பு, டிவியின் காற்றுத் துளை வழியாகப் போய் போர்டில் படியும். காய்ந்து கிடக்கும்வரை அது சாது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதம் தாண்டினால் அந்த உப்பு காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரைந்துவிடும். மழைக்காலத்தில் அடுப்படி உப்புச் சாடி கசிகிறதே, அதேதான். கரைந்த உப்புத் தண்ணீரில் கரண்ட் பாயும். போர்டில் முடி அகல இடைவெளியில் ஓடும் செம்புக் கோடுகளுக்கு நடுவே அது நின்றால் கோடு அரித்துப் போகும்.

இதனால்தான் தினம் ஓடுகிற டிவியைவிடப் பூட்டிய வீட்டு டிவி சீக்கிரம் சாகிறது. ஓடும்போது வரும் சூடு உள்ளே ஈரத்தைத் தங்கவிடாது. குடும்பமே வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில் வருடத்துக்கு ஒரு மாதம் மட்டும் போடும் 55 இன்ச் டிவிகளை நான் நிறையப் பிரித்திருக்கிறேன். புத்தம்புதுசு போல இருக்கும், உள்ளே பச்சை. அந்த மாதிரி வீட்டுக்குப் பெரிய டிவி வேண்டாம். வாங்கியாகிவிட்டதென்றால், சாவி வைத்திருக்கும் சொந்தக்காரரிடம் வாரம் இரண்டு தடவை ஒரு மணி நேரம் ஓடவிடச் சொல்லுங்கள்.

1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தில் துருவால் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத கம்பி, உப்புக்காற்றுக்கென்றே தனிப் பூச்சு. பாலத்துக்கே அந்தப் பாடு.

சரி, கடைக்குப் போகலாம். வரிசையாகப் படம் ஓடிக்கொண்டிருக்கும். முதல் வேலையாக, "அண்ணே, இதைக் கொஞ்சம் திருப்பிக் காட்டுங்க" என்று கேளுங்கள். முகம் சுளித்தால் பக்கத்துக் கடை இருக்கிறது. பின்மூடி பிளாஸ்டிக்காக இருப்பது நமக்கு நல்லது. தகடாக இருந்தால் ஓரங்களிலும் ஸ்க்ரூ துளைகளிலும் பெயின்ட் முழுசாக ஏறியிருக்கிறதா பாருங்கள். வெட்டிய ஓரம் பளபளவென்று வெறுந்தகடாகத் தெரிந்தால் அங்கேதான் துரு தொடங்கும். எச்டிஎம்ஐ, யுஎஸ்பி ஓட்டைகள் பக்கவாட்டிலோ கீழ்நோக்கியோ இருக்கட்டும். சுவரைப் பார்த்து நேராகப் பின்னால் இருந்தால் ஒயர் மடங்கும், சொருகும் முனை தளரும், தளர்ந்த இடத்தில் களிம்பு ஏறும்.

அப்புறம் தடிமன். விரல் கனத்துக்கு மெலிந்த டிவியைப் பார்த்து வாயைப் பிளக்காதீர்கள். அந்த மெலிவுக்காகப் பல மாடல்களில் பேக்லைட்டை, அதாவது திரைக்கு வெளிச்சம் தரும் விளக்கை, ஓரத்தில் மட்டும் வைத்திருப்பார்கள். கொஞ்சம் தொந்தியுள்ள டிவியில் லைட் ஸ்ட்ரிப், படம் காட்டும் திரையான பேனலுக்குப் பின்னால் பரவலாக இருக்கும், வெளிச்சமும் சமமாக வரும். நாளை ஸ்ட்ரிப் போனாலும் என்னைப் போன்றவன் இரண்டு மூன்று ஆயிரத்துக்குள் மாற்றிக் கொடுத்துவிட முடியும்.

இனிப் படம். கடையில் எல்லா டிவியும் அழகுதான், ஏனென்றால் எல்லாம் 'விவிட்' என்ற கண்கூசும் மோடில் இருக்கும், ஓடுவதும் கம்பெனி கொடுத்த 4கே வீடியோ. உங்கள் வீட்டில் ஓடப்போவது கேபிள். சாதா செட்டாப் பாக்ஸில் வரும் எஸ்டி, அதாவது சாதாத் தரப் படம் 720க்கு 576 புள்ளி. 4கே டிவியில் 3840க்கு 2160. கணக்குப் போட்டால் சரியாக 20 மடங்கு. மீதி 19 பங்கையும் டிவி தானாக ஊகித்து நிரப்புகிறது. மலிவு டிவி மோசமாக ஊகிக்கும், சீரியல் நடிகை முகத்தில் மெழுகு பூசினது மாதிரி இருக்கும். அதனால் கடையில் ஒரு சாதாரண கேபிள் சேனலைப் போடச் சொல்லிப் பாருங்கள். மோடை 'ஸ்டாண்டர்டு'க்கு மாற்றச் சொல்லுங்கள்.

ஒரு பென்டிரைவும் கொண்டு போங்கள். அந்தியில் கரையில் கட்டிக் கிடக்கும் வள்ளங்களைப் போனில் ஒரு நிமிடம் வீடியோ எடுத்து அதில் போட்டுக்கொள்ளுங்கள். வள்ளத்தின் நிழல் பக்கத்தில் கயிறும் வலையும் பிரித்துத் தெரிகிறதா, இல்லை மொத்தமாகத் தார் பூசினது போல இருக்கிறதா? வானத்தில் நிறம் வழுக்கிக்கொண்டு மாறுகிறதா, படிக்கட்டு மாதிரி பட்டை பட்டையாகத் தெரிகிறதா? இருட்டும் வெளிச்சமும் துல்லியமாகத் தெரியும் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் எச்டிஆர் முத்திரையைவிட அந்த ஒரு நிமிடம் அதிகம் சொல்லும்.

அடுத்து கடையிலேயே குந்திப் பாருங்கள். கூச்சப்படாதீர்கள். நம் வீடுகளில் டிவி சுவரில் உயரமாக இருக்கும், நாம் பாயில் உட்கார்ந்திருப்போம். எல்இடி டிவி பேனலில் முக்கியமாக விஏ, ஐபிஎஸ் என்று இரண்டு வகை. விஏ பேனல் நேராகப் பார்த்தால் நல்ல கறுப்பு காட்டும், கீழேயிருந்தோ ஓரத்திலிருந்தோ பார்த்தால் வெளிறும். ஐபிஎஸ் பேனலில் கறுப்பு கொஞ்சம் சாம்பலாக இருக்கும், ஆனால் எந்த மூலையிலிருந்து பார்த்தாலும் நிறம் பெரிதாக மாறாது. பத்துப் பேர் பாயில் பரவி உட்காரும் வீடென்றால் ஐபிஎஸ் என்பது என் கட்சி.

கியூஎல்இடி என்பது வேறு ஜாதி டிவி இல்லை. அதே எல்இடி பேக்லைட்டுக்கு முன்னால் நிறத்தைத் தூக்கிக் காட்டும் ஒரு ஃபிலிம், அவ்வளவுதான். பேக்லைட் இல்லாமல் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடி படத்துக்கு ஈடு கிடையாது. ஆனால் நாள் முழுக்க நியூஸ் சேனல் ஓடும் வீட்டில் அந்தச் சேனல் சின்னம் திரையில் தழும்பாக நின்றுவிடக்கூடும், பேனல் போனால் கிட்டத்தட்ட டிவி விலை. கடலோரத்தில் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அளவைப் பொறுத்தவரை, ஏழெட்டு அடி தூரத்துக்கு 43, அதற்கு மேல் இடமிருந்தால் 50 அல்லது 55. 2025 செப்டம்பர் 22 முதல் 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கும் ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18க்கு இறங்கிவிட்டது. வரிக்காக 32-லேயே நிற்க வேண்டிய அவசியம் இப்போது இல்லை.

வாரண்டியில்தான் நம் ஆட்கள் ஏமாறுகிறார்கள். ஓஎல்இடி என்றில்லை, சாதா எல்இடி டிவியிலும் பேனலுக்கு மட்டுமே டிவி விலையில் முக்கால்வாசி ஆகும். 28,000 ரூபாய் டிவிக்குப் பேனல் மாற்ற இருபதாயிரம் கேட்பார்கள். ஆகவே எக்ஸ்டெண்டட் வாரண்டி என்றால் முதல் கேள்வி: "பேனலுக்கு உண்டா?" இல்லையென்றால் வேண்டாம். இரண்டாவது கேள்வி: "யார் கொடுப்பது?" கம்பெனியே கொடுப்பது ஒன்று, கடைக்காரர் வேறு ஒரு இன்சூரன்ஸ் மூலம் தருவது இன்னொன்று. இரண்டாவதில் தேய்மானம் கழிப்பார்கள், சிலதில் ஒரே ஒரு தடவைதான் பணம் வரும். மூன்றாவது: "மூன்று வருஷம்னா, கம்பெனி தர்ற முதல் வருஷமும் சேர்த்தா?" பேனலோடு சேர்த்து இரண்டு வருட நீட்டிப்பு டிவி விலையில் பத்து சதவீதத்துக்குள் கிடைத்தால் கடற்கரைக்காரர் யோசிக்காமல் போடலாம். அதைத் தாண்டினால் அந்தக் காசைத் தனியாக எடுத்து வையுங்கள்.

வாரண்டி அட்டையின் பின்பக்கத்துப் பொடி எழுத்தையும் படியுங்கள், வெட்கப்படாமல் கண்ணாடி போட்டுக்கொண்டு. துரு, இடி மின்னல், வோல்டேஜ் ஏற்ற இறக்கம், பல்லி, எலி, தண்ணீர் இதற்கெல்லாம் பெரும்பாலும் பொறுப்பில்லை என்று இருக்கும். நம் ஊரில் டிவி சாவதே இதனால்தான். என் வாடிக்கையாளர் ஒருவருக்குப் பதினோராவது மாதத்தில் பேனலில் கோடு விழுந்தது. வந்த டெக்னீஷியன் பவர் போர்டு ஓரத்தில் கொஞ்சம் களிம்பைப் போட்டோ எடுத்து, "கரோஷன், வாரண்டி கிடையாது" என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். கோடு விழுந்ததற்கும் அந்தக் களிம்புக்கும் சம்பந்தமே இல்லை. அவர் 1915-க்கு, அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு, போன் செய்து புகார் பதிந்தார். பிறகு கம்பெனி இறங்கி வந்து பேனல் மாற்றிக் கொடுத்தது. அதுவும் நடக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, 2 வருடத்துக்குள் போட வேண்டும். பில்லும் சீரியல் நம்பரும் இல்லாமல் எதுவும் நடக்காது. ரசீது மை இரண்டு மழைக்கு மங்கிவிடும், அன்றைக்கே போட்டோ எடுத்து வையுங்கள்.

வாங்குமுன் கம்பெனி சர்வீஸ் நம்பருக்குப் போன் போட்டு உங்கள் பின்கோடைச் சொல்லி, வீட்டுக்கு வருவார்களா என்று கேளுங்கள். ராமநாதபுரம் டவுனோடு நிற்பவர்கள் உண்டு. தீவுக்குள் இருந்து டிவியைத் தூக்கிக்கொண்டு ஐம்பது கிலோமீட்டர் போவது யார் செலவு?

தவணையில் வாங்கும் விசைப்படகுக்காரர்கள் ஒன்றைக் கவனிக்கணும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த இரண்டு தவணை எங்கிருந்து வரும் என்று யோசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

வீட்டுக்கு வந்த டிவியைக் கடல் பார்த்த சன்னலுக்கு நேரே மாட்டாதீர்கள். கச்சானோ வாடையோ, காற்று நேராகப் படாத சுவராகப் பாருங்கள். சுவருக்கும் டிவிக்கும் நாலு விரல் இடைவெளி, எவர்சில்வர் போல்ட்டு. பேக்லைட் அளவு நூறில் வந்திருக்கும், அறுபதுக்கு இறக்கினால் ஸ்ட்ரிப் அதிக நாள் உழைக்கும். ஒரு ஸ்டெபிலைசர் போடுங்கள். நியூட்ரல் அறுந்தால் 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400 வரை ஏறலாம், அதற்கு எந்த டிவியும் தாங்காது. இடி இடித்தால் பிளக்கோடு டிஷ் ஒயரையும் கழற்றுங்கள். மொட்டை மாடி டிஷ் வழியாக வந்து செட்டாப் பாக்ஸையும் டிவியையும் சேர்த்துக் கொண்டுபோன மின்னலை நான் பார்த்திருக்கிறேன்.

கடைசியாகத் துடைப்பது. காய்ந்த மெல்லிய துணி மட்டும். தங்கச்சிமடத்து அக்கா ஒருவர் பொங்கலுக்கு வீடு கழுவிய கையோடு, "லேசாத்தான் தம்பி, தண்ணி தெளிச்சு ஒரே துடைப்பு" என்று டிவியைக் கொண்டு வந்தார். தெளித்த தண்ணீர் கண்ணாடியில் வழிந்து கீழ்ச்சட்டத்துக்குள் இறங்கியிருந்தது. பேனலையும் போர்டையும் சேர்க்கும் பட்டைகள் பல மாடல்களில் அங்கேதான் இருக்கின்றன. ஏற்கெனவே உப்புப் படிந்த இடம். வலப்பக்கம் மூன்று பச்சைக் கோடு. பேனல் விலையைச் சொன்னதும் வேண்டாம் என்று அப்படியே எடுத்துப் போய்விட்டார். போன வாரம் வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது சீரியல் ஓடிக்கொண்டிருந்தது, கோடும் இருந்தது. "சீரியல் வீட்டு சன்னலுக்குக் கம்பி போட்ட மாதிரி இருக்கு தம்பி, பழகிருச்சு" என்றார்.