பக்கத்து நாட்டு மேட்ச், ரெஃப்ரி தீர்ப்பு: எழுத வர்றவங்க தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரிய ஃபுட்பால் டோர்னமெண்ட் வந்தா போதும், மேட்ச் பத்தி எழுத, வீடியோ போட புதுசா ஒரு பட்டாளமே கிளம்பிடும். நல்லது தான். ஆனா ரெண்டு பக்கத்து நாடு மோதி நடுவுல ஒரு பெனால்டி தகராறு வந்துச்சுன்னா எல்லாரும் வரிசையா ஒரே பள்ளத்துல விழறாங்க, எங்க செட்டு எல்லாம் விழுந்து எழுந்த அதே பள்ளம். ரெஃப்ரிய கெட்ட வார்த்தையில திட்டாதீங்க, எடிட் பண்ண வீடியோவ பரப்பாதீங்கன்னு எல்லாருக்கும் தெரிஞ்சத இங்க சொல்லப் போறதில்ல. கொஞ்ச காலம் சின்ன லெவல் மேட்ச்ல விசில் ஊதிட்டு, அப்புறம் மேட்ச் பத்தி எழுதிட்டு இருக்கறவன் நான். அந்த ரெண்டு பக்கத்துல நின்னு பாத்தாலும் எரிச்சல் வர்ற விஷயங்கள் மட்டும் தான் இது.

ரீப்ளே வர்றதுக்குள்ள தீர்ப்பு

வேணாம்.

எந்த ரூல்னு பாக்காம "தப்பு"ங்கறது

விசில் ஊதினாரா ஊதலயாங்கறத விட முக்கியமானது, அதுக்கப்புறம் பந்து எப்படி மறுபடி ஆட்டத்துக்குள்ள வந்துச்சுங்கறது. கோல் கிக்கா, கார்னரா, டைரக்ட் ஃப்ரீ கிக்கா, இன்டைரக்ட்டா (அதுல நேரா கோல் அடிக்க முடியாது), ட்ராப் பாலா (ரெஃப்ரியே பந்த கீழ போட்டு ஆட்டத்த தொடங்கறது). ரெஃப்ரி மனசுல என்ன ஓடுச்சுன்னு அது பாதி சொல்லிடும். இன்டைரக்ட்டுக்கு கைய மேல தூக்கியிருக்கார்னா அவர் ஆஃப்சைடு மாதிரி எதையோ குடுத்திருக்கார், நீங்க உக்காந்து ஃபவுலா இல்லயான்னு பத்து நிமிஷம் பேசறது வேஸ்ட்.

ஹேண்ட்பால் கேக்கவே வேணாம். கையில பட்டா ஹேண்ட்பால்னு இன்னும் எழுதறாங்க. 2021ல ரூல மாத்தினாங்க, தெரியாம ஒருத்தர் கையில பட்டு டீம் மேட் அத கோல் அடிச்சா அது கோல் தான், அதே ஆள் கையில பட்ட உடனே அவரே அடிச்சா தான் கோல் கிடையாது. இது தெரியாம ஒரு முழு வீடியோ போட்டு, கீழ யாராவது ரூல் நம்பர் சொன்னதும் வீடியோவ தூக்கறதுக்கு முன்னாடியே ரெண்டு நிமிஷம் படிச்சிருக்கலாம்.

வி.ஏ.ஆர், அதாவது வீடியோ பாத்து ரெஃப்ரிக்கு உதவற ஆளுங்க, அந்த விஷயமும் அப்படித் தான். 2018ல ரூல் புக்ல ஏறினப்ப அதுக்கு குடுத்த வேலை நாலே நாலு: கோல், பெனால்டி, நேரடி ரெட் கார்டு, ஆள் மாறாட்டம். அதுலயும் தப்பு பளிச்சுன்னு தெரியணும். ரெஃப்ரி டிவி கிட்ட போகல, அதனால "வி.ஏ.ஆர் பாக்கவே இல்ல"ன்னு எழுதறாங்க பாருங்க, அது சரியில்ல, உள்ள உக்காந்திருக்கறவங்க அந்த மாதிரி சம்பவத்த சத்தமில்லாம பாத்துட்டு தான் இருப்பாங்க. பாத்துட்டு கூப்பிடாம விட்டாங்கன்னா உங்க கோபம் அவங்க மேல இருக்கணும், அத அப்படியே எழுதுங்க.

ரெஃப்ரியோட பாஸ்போர்ட்ட தேடறது

இது தான் எனக்கு இன்னைக்கும் ரத்தத்த கொதிக்க வைக்கறது. மேட்ச் முடிஞ்சு பத்து நிமிஷம் ஆகியிருக்காது, ரெஃப்ரி எந்த நாட்டுக்காரன்னு ஒருத்தன் தேடி எடுத்துட்டு வந்துடுவான், அப்புறம் கதை தானா வளரும், அவன் நாட்டுக்கும் இவங்களுக்கும் பழைய பகையாம், இல்லன்னா அவன் நாடு எதிர் டீமுக்கு கூட்டாளியாம், அதான் பெனால்டி தரலையாம். பக்கத்து நாடுங்க மோதறப்ப ஏற்கெனவே ஊரே சூடா இருக்கும், அதுல இந்த ஒரு லைன் போட்டா போதும், மேட்ச் பத்தின பேச்சு அங்கயே செத்துப் போயிடும்.

எனக்கு தெரிஞ்ச ஒரு பையன், நல்லா எழுதற பையன் தான், ஒரு மேட்ச் முடிஞ்ச ராத்திரி இப்படி ஒரு பெரிய தியரி எழுதினான். கொடி, சரித்திரம், எல்லை தகராறு எல்லாம் வெச்சு பக்காவா கட்டியிருந்தான். விஷயம் என்னன்னா அவன் பாத்தது ஃபோர்த் அஃபிஷியலோட (லைனுக்கு வெளிய நிக்கற உதவியாளர்) நாட்டுக் கொடிய. ரெஃப்ரி வேற நாடு. அவன் திருத்தம் போட்டான், யாரும் படிக்கல, முதல்ல எழுதினது தான் சுத்திட்டு இருந்துச்சு. அதுல பேர் அடிபட்ட நாட்டுக்காரங்க ஒரு வாரம் சும்மா திட்டு வாங்கினாங்க.

சரி, கொடி சரியாவே இருக்குன்னு வெச்சுக்கோங்க. தியரி நிக்குதா? 1974 வேர்ல்டு கப் ஃபைனல், மியூனிக், மேற்கு ஜெர்மனியும் நெதர்லாந்தும். ரெஃப்ரி ஜாக் டெய்லர், இங்கிலாந்துக்காரர். ஜெர்மனிக்காரங்க பந்த தொடறதுக்கு முன்னாடியே நெதர்லாந்துக்கு பெனால்டி. "பாத்தியா, இங்கிலீஷ்காரன் புத்திய காட்டிட்டான்"னு சொல்றதுக்கு அத விட வசதியான சான்ஸ் கிடைக்காது. 25வது நிமிஷம் அதே டெய்லர் ஜெர்மனிக்கு ஒரு பெனால்டி குடுத்தார், ஹோல்சென்பைன் விழுந்ததுக்கு, அது டைவ்னு நெதர்லாந்துல இன்னைக்கும் சொல்றவங்க உண்டு. ஜெர்மனி 2-1. ஒரே பாஸ்போர்ட், ஒரே மேட்ச், ரெண்டு பக்கமும் புலம்பல்.

அடுத்தது எனக்கு ரொம்ப பிடிச்ச உதாரணம். 1982, செவில், செமி ஃபைனல், பிரான்ஸ் – மேற்கு ஜெர்மனி. பிரான்ஸோட பாட்டிஸ்டன் தனியா ஓடி வர்றார், ஜெர்மனி கோல்கீப்பர் ஷூமாக்கர் பாய்ஞ்சு வந்து அவர் மேல மோதறார், பாட்டிஸ்டனுக்கு பல்லு போச்சு, முதுகெலும்புல அடி, ஸ்ட்ரெச்சர்ல தூக்கிட்டு போனாங்க. ரெஃப்ரி என்ன குடுத்தார்? கோல் கிக். கார்டு இல்ல, ஃபவுல் கூட இல்ல. ஜெர்மனி பெனால்டி ஷூட் அவுட்ல ஜெயிச்சு ஃபைனல் போச்சு. ரெஃப்ரி சார்லஸ் கோர்வர் எந்த நாடு தெரியுமா? நெதர்லாந்து. 1974 முடிஞ்சு எட்டே வருஷம். பாஸ்போர்ட் தியரிப்படி அவர் ஷூமாக்கருக்கு ரெட் கார்டும் குடுத்து வழியனுப்பி வெச்சிருக்கணும். ஆனா அவர் கண்ணு பந்து பின்னாடி போயிடுச்சு. பந்து பாட்டிஸ்டன் கால்ல பட்டு கோல்போஸ்ட் பக்கம் உருண்டு போகுது, உள்ள போகுதா வெளிய போகுதான்னு பாக்கறது ரெஃப்ரியோட அனிச்சை. அந்த ஒரு செகண்ட்ல தான் இடுப்ப திருப்பிட்டு வந்த ஷூமாக்கர் மோதினது.

விசில் ஊதினவனுக்கு அந்த ஒரு செகண்ட் நல்லாவே புரியும். நீங்க பதினஞ்சு மீட்டர் பின்னாடி ஓடிட்டு இருப்பீங்க, குறுக்க ஒரு டிஃபண்டர் முதுகு, பந்து ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம், ரெண்டுல ஒண்ண தான் பாக்க முடியும். பந்து போனதுக்கப்புறம் ஒரு நொடி ஆள் மேலயே கண்ண வைக்கணும்னு பழக்கறது தான் கஷ்டம். கோர்வர் செஞ்சது பெரிய தப்பு, அதுல சந்தேகமே இல்ல. ஆனா அது எங்க நின்னார், எத பாத்தார்ங்கற தப்பு, எங்க பொறந்தார்ங்கறதுக்கு அதுல வேலையே இல்ல.

தென் அமெரிக்காவுக்கு வந்தா இந்த தியரி இன்னும் காமெடி ஆயிடும். அங்க ஃபுட்பால் அமைப்பு கான்மெபோல்ல மொத்தம் பத்து நாடு, எல்லாம் ஒரே குவாலிஃபையர் டேபிள்ல, ரெஃப்ரியும் அந்த பத்துல ஒரு நாட்டுலேர்ந்து தான் வருவார். 2021 நவம்பர், சான் ஹுவான்ல அர்ஜென்டினா – பிரேசில் 0-0. அர்ஜென்டினாவோட ஓட்டமெண்டி முழங்கை பிரேசிலோட ரஃபீனியா வாயில பட்டு கிழிஞ்சு தையல் போட வேண்டியதாச்சு, கார்டு கிடையாது. ரெஃப்ரி குன்யா, வி.ஏ.ஆர்ல ஓஸ்தோஜிச், ரெண்டு பேரும் உருகுவே. உருகுவே அர்ஜென்டினாவுக்கு பக்கத்து வீடு, அதான் காப்பாத்திட்டாங்கன்னு பேசலாம். அதே உருகுவே தான் அர்ஜென்டினாவோட நூறு வருஷத்துக்கு மேல பழைய எதிரி, 1930 வேர்ல்டு கப் ஃபைனல்ல ரெண்டும் மோதினப்ப யார் பந்துல ஆடறதுன்னே சண்டை, கடைசில முதல் பாதி அர்ஜென்டினா பந்து, ரெண்டாவது பாதி உருகுவே பந்துன்னு ஆடினாங்க, ரெஃப்ரியா வந்த பெல்ஜியம்காரர் லாங்கெனஸ் மேட்ச் முடிஞ்சதும் கிளம்ப கப்பல் ரெடியா இருக்கணும்னு கேட்டார். அப்போ உருகுவே பாஸ்போர்ட் எந்த பக்கம் சாயும்? உங்களுக்கு எந்த பக்கம் வேணுமோ அந்த பக்கம். அதனால தான் அது ஆதாரமே இல்லங்கறேன். கான்மெபோல் அந்த ரெண்டு பேரையும் சஸ்பெண்ட் பண்ணி, வி.ஏ.ஆர் ரூம் ஆடியோவையும் வெளியிட்டுச்சு. ஸ்லோ மோஷன்ல பாத்துட்டே தப்பா முடிவு எடுத்தது அதுல தெரியுது, அத வெச்சே நல்ல கட்டுரை எழுதலாமே.

பாஸ்போர்ட் கைகொடுக்கலன்னா வேற காரணம் வரும். 2019 கோபா அமெரிக்கா செமி ஃபைனல், பெலோ ஹொரிசோன்டேல பிரேசில் 2-0 அர்ஜென்டினா, ரெண்டு பெனால்டி தரலன்னு அர்ஜென்டினா கொதிச்சுது. ரெஃப்ரி சம்ப்ரானோ ஈக்வடார். பிரேசிலோட எல்லையே இல்லாத ரெண்டு தென் அமெரிக்க நாட்டுல அது ஒண்ணு (இன்னொண்ணு சிலி). உடனே பாஸ்போர்ட் போச்சு, "நடத்தற நாட்டுக்கு செட் பண்ணிட்டாங்க" வந்துடுச்சு. அடுத்த மேட்ச்ல, அதுவும் பக்கத்து நாடு சிலியோட, சிலி வீரர் மெடல் நெஞ்சால இடிச்சதுக்கு அவரோட மெஸ்ஸிக்கும் சேத்து ரெட் கார்டு. அந்த ரெட் கார்டு அநியாயம்னு நானும் சொல்வேன். ஆனா மெஸ்ஸி வெளிய வந்து ஊழல்னு சொன்னார், மூணு மாசம் தடை, 50,000 டாலர் ஃபைன். அநியாயம்னு மட்டும் நிறுத்தியிருந்தா பேச்சு அந்த கார்ட பத்தியே இருந்திருக்கும்.

1966 வேர்ல்டு கப் ஃபைனல்ல மேற்கு ஜெர்மனிக்கு எதிரா இங்கிலாந்தோட ஹர்ஸ்ட் அடிச்ச பந்து லைன தாண்டுச்சுன்னு தலையாட்டின லைன்ஸ்மேன இன்னைக்கும் "ரஷ்யாக்காரன்"ங்கறாங்க. தோஃபிக் பஹ்ராமோவ் அஜர்பைஜான்காரர், பாகுல ஒரு ஸ்டேடியமே அவர் பேர்ல இருக்கு. பாஸ்போர்ட்ட வெச்சு பழி போட்டவங்க அந்த பாஸ்போர்ட்டையாவது ஒழுங்கா படிச்சிருக்கலாம்.

ஒரே ஒரு ஸ்க்ரீன்ஷாட்

2022 கத்தார்ல ஜப்பான் – ஸ்பெயின் மேட்ச்ல ஜப்பானோட மிதோமா பந்த இழுத்து குடுத்தப்ப டிவில அது வெளிய போன மாதிரியே இருந்துச்சு. மேல இருந்து எடுத்த படத்துல பந்தோட விளிம்பு லைன் மேல தொங்கிட்டு இருந்துச்சு. முழு பந்தும் தாண்டினா தான் வெளிய. சைடுலேர்ந்து எடுத்த படத்த வெச்சு லைன் தீர்ப்ப பேசாதீங்க. டேக்கிள ஃப்ரீஸ் பண்ணி போடறதும் இதே கேஸ், நிறுத்தி வெச்ச படத்துல எல்லா டேக்கிளும் கொலை முயற்சி மாதிரி தான் தெரியும்.

அந்த ஒரு தீர்ப்பால தான் தோத்தோம்

2010 வேர்ல்டு கப்ல, ப்ளூம்ஃபோன்டைன்ல, ஜெர்மனிக்கு எதிரா இங்கிலாந்தோட லேம்பார்ட் அடிச்சது உள்ள விழுந்துச்சு, நல்லா உள்ள. குடுத்திருந்தா 2-2. இங்கிலாந்து ரசிகருக்கு அந்த வலி நியாயம், அதுக்கப்புறம் தான் 2012ல கோல் லைன் டெக்னாலஜிக்கு ஓகே சொன்னாங்க. ஆனா ரெண்டாவது பாதில மூணு நிமிஷத்துக்குள்ள ஜெர்மனியோட முல்லர் ரெண்டு கோல் அடிச்சு 4-1 ஆச்சே, ரெண்டுமே கவுன்டர் அட்டாக், ரெண்டு தடவையும் இங்கிலாந்து டிஃபன்ஸ் எங்க இருந்துச்சு? அத எழுதாம விட்டா பாதி மேட்ச தான் எழுதியிருக்கீங்க.

1966க்கு 2010 சரியா போச்சு

போகல. வரவு செலவு நோட்டு இல்ல இது.

நமக்கு வந்தா ரூல், அவனுக்கு வந்தா சதி

1974 பெனால்டிய பத்தி அழற நெதர்லாந்து ரசிகர் 1988 ஈரோல ஜெர்மனியோட ஆடின ஹாம்பர்க் செமி ஃபைனல பத்தி பேசவே மாட்டார். அதுல வான் பாஸ்டன் விழுந்ததுக்கு கிடைச்ச பெனால்டியும் லேசானது தான், அதுக்கு முன்னாடி க்ளின்ஸ்மன் விழுந்து ஜெர்மனிக்கு கிடைச்சதும் அப்படித் தான். 1990ல நெதர்லாந்தோட ரைக்கார்ட் எச்சில் துப்பினார், துப்பு வாங்கின ஜெர்மனியோட ஃபோலரையும் சேத்து வெளிய அனுப்பினாங்க. உங்க டீமுக்கு சாதகமா வந்த தப்பு ஒண்ணாவது கட்டுரைல இல்லன்னா நான் அத முழுசா படிக்கறதில்ல.

ஃபுட்பால் தான் சண்டைய மூட்டுச்சுங்கறது

1969 எல் சல்வடோர் – ஹோண்டுராஸ் போர எடுத்துட்டு வராத ஆளே இல்ல. மூணு குவாலிஃபையர் மேட்ச் ஆடினாங்க, ஜூலைல போர் வெடிச்சுது, உண்மை. ஆனா ஹோண்டுராஸ்ல நிலம் இல்லாம குடியேறின லட்சக்கணக்கான சல்வடோர் மக்களும், அவங்கள துரத்தின நிலச் சட்டமும் தான் விஷயம். மேட்ச் அதுல தீப்பொறி. ஒரு பெனால்டிய பத்தி எழுதறப்ப "இப்படித் தான் 1969ல"ன்னு ஆரம்பிக்காதீங்க.

ரெஃப்ரி சொன்னா சரிங்கறது

கொஞ்சம் ரூல் படிச்சதும் சிலருக்கு வர்ற வியாதி இது, எதுக்கெடுத்தாலும் அஃபிஷியல்ஸ் பக்கம் வக்கீல் வேலை. 2024 பிப்ரவரி, டாக்காவுல சாஃப் (தெற்காசிய ஃபுட்பால் அமைப்பு) 19 வயசுக்குட்பட்ட பெண்கள் ஃபைனல், இந்தியா – பங்களாதேஷ். 1-1, ஷூட் அவுட்ல ரெண்டு பக்கமும் பதினோரு பேரும் அடிச்சு 11-11. ரூல் என்ன சொல்லுது? மறுபடி முதல்லேர்ந்து அடிச்சுட்டே போகணும். அங்க காச சுண்டிட்டாங்க. டாஸ்ல இந்தியா ஜெயிச்சுது, பங்களாதேஷ் களத்த விட்டு போகல, கேலரிலேர்ந்து பாட்டில் பறந்துச்சு, கடைசில ரெண்டு டீமும் சேர்ந்து சாம்பியன்னு அறிவிச்சாங்க. 1968 ஈரோ செமி ஃபைனல்ல இத்தாலியும் சோவியத் யூனியனும் டாஸ் போட்டாங்க, அப்ப ஷூட் அவுட்டே ரூல்ல கிடையாது, 1970ல தான் வந்துச்சு. அந்த ராத்திரி "முடிவு அறிவிச்சாச்சு, ஏத்துக்கணும்"னு எழுதின இந்திய ரசிகர்கள் ஷூட் அவுட் ரூல ஒரு தடவை திறந்து பாத்திருந்தா பங்களாதேஷ் பொண்ணுங்க ஏன் நகரலன்னு புரிஞ்சிருக்கும்.

ராத்திரியே போடறது

காலைல போடுங்க. அதுக்குள்ள வேற ஆங்கிள் வந்திருக்கும், சில சமயம் ரெஃப்ரி யாருங்கறதும் சரியா தெரிஞ்சிருக்கும்.