செண்டுமல்லி வளர்ப்பு: ஆடியில் விதைத்தால் ஆயுத பூசைக்குப் பூ

துலுக்கச் சாமந்தி என்றும் கேந்தி என்றும் ஊருக்கு ஊர் பெயர் மாறும் செண்டுமல்லி, மெக்சிகோவிலிருந்து வந்த செடி என்றாலும், இன்று நம் ஊரில் அது இல்லாத ஆயுத பூசையே இல்லை. உயரமாக வளர்ந்து பந்து போல் பூப்பது ஒரு வகை. முழங்கால் உயரத்துக்குள் நின்று சிறு பூக்களைத் தருவது மற்றொன்று. மாடித் தொட்டிக்குக் குட்டை வகையும், தரையில் நட நெட்டை வகையும் பொருந்தும்.

முதலில் விதை. செடியிலேயே நன்றாகக் காய்ந்த பூவைப் பிரித்தால், ஒரு முனை கறுத்தும் மறுமுனை வெளிறியும் ஊசி போன்ற விதைகள் கிடைக்கும். பூசை முடிந்து கொல்லையில் எறிந்த மாலையிலிருந்தும் சில செடிகள் முளைப்பதுண்டு. ஆனால் சந்தைக்கு வரும் பூக்கள் பெரும்பாலும் வீரிய ஒட்டு இரகங்கள் என்பதால், அவற்றின் விதையில் அதே அடர்த்தியான பூவை எதிர்பார்க்க வேண்டாம்.

ஆடி மாதத்தில் குழித்தட்டில் தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்து நிரப்பி, விதையைக் கால் அங்குலத்துக்கு மேல் ஆழம் போகாமல் ஊன்றி, பூவாளியால் நீர் தெளித்து வந்தால் ஒரு வாரத்துக்குள் முளைத்துவிடும். மூன்று அல்லது நான்கு வாரத்தில், நான்கைந்து இலைகள் வந்ததும், நாள் முழுதும் வெயில் விழும் இடத்தில் நெட்டை வகையை ஒன்றரை அடி இடைவெளியில் மாலை நேரத்தில் நடவும். நிழலில் நட்டால் இலைதான் மிஞ்சும்; தழைச்சத்து மிகுந்த உரத்தை அள்ளிப் போட்டாலும் அதே கதைதான். தண்ணீர் தேங்கினால் தண்டின் அடிப்பகுதி அழுகிவிடுமாதலால், தொட்டியின் வடிகால் துளை அடைபடாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளவும்.

புதியவர்கள் தயங்குவது நுனி கிள்ளுவதற்குத்தான். நட்டு ஒரு மாதமான செடியில் முதல் மொட்டு தலைகாட்டும்போது அதைக் கிள்ளி எறிய மனம் வராது. ஆனால் நெட்டை வகையில் அந்தத் தலைநுனியை நீக்கினால்தான், இலைக் கக்கங்களில் உறங்கும் மொட்டுகள் பக்கக் கிளைகளாக விரிந்து, ஒரு பூ வரவேண்டிய இடத்தில் பல பூக்கள் வரும். பூப்பது சில நாள் தள்ளிப்போகும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொண்டு, பண்டிகைக்குப் பூ வேண்டுமானால் விதைப்பைத் தாமதிக்காமல் தொடங்கவும். மலர்ந்து முதிர்ந்த பூக்களை அவ்வப்போது பறித்துவிட்டால் புதிய மொட்டுகள் தொடரும்.

செண்டுமல்லியின் வாசனைக்குப் பூச்சி எல்லாம் ஓடிவிடும் என்று பலர் சொல்வது பாதிதான் உண்மை. செடியின் மேலேயே செம்பேனும் இலைப்பேனும் வந்து உட்காருவதைப் பார்க்கலாம். உண்மையான வேலை மண்ணுக்குள் நடக்கிறது. இதன் வேரில் உள்ள ஆல்ஃபா டெர்தைனைல் என்னும் பொருள், தக்காளி, கத்தரி, வெண்டை வேர்களில் முடிச்சுகளை உண்டாக்கும் நூற்புழுக்களைக் கொல்ல வல்லது. ஆனால் தக்காளிக்குப் பக்கத்தில் ஒரு செடி நட்டால் போதாது; பாதிக்கப்பட்ட பாத்தி முழுவதும் நெருக்கமாக நட்டு, குறைந்தது இரண்டு மாதம் வளர்த்து, பிறகு அங்கேயே மடக்கிப் புதைத்துவிட்டுக் காய்கறிக்குப் போகவேண்டும். தக்காளியோடு சேர்த்து நடுவதற்கு வேறு காரணம் உண்டு: காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சி செண்டுமல்லி மொட்டுகளில் விரும்பி முட்டையிடும். அந்தப் பூக்களைச் சோதித்துப் புழுக்களைப் பொறுக்கி அழித்தால்தான் அது பொறிப்பயிர். விட்டுவிட்டால் புழு வளர்க்கும் பண்ணை.

மாலைக்கும் கோலத்துக்கும் போக மிஞ்சும் பூக்களில் சாயம் எடுக்கலாம். துணியின் எடைக்குச் சமமான இதழ்களை ஒரு மணி நேரம் மெல்லிய சூட்டில் வேகவைத்து வடிகட்டி, படிகாரக் கரைசலில் முன்பே நனைத்த பட்டுத் துணியை அதில் இட்டால் பொன்மஞ்சள் ஏறும். பருத்தியாக இருந்தால், படிகாரத்துக்கு முன் கடுக்காய் நீரில் ஊறவைக்கவும்.