“எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு” என்று சொல்வதற்கு முன்

பர்ஸைத் திறக்காமல் சொல்லுங்கள்: பழுப்பு நிறப் பத்து ரூபாய் நோட்டின் பின்பக்கம் என்ன படம் இருக்கிறது? அன்றாடம் கைமாறுகிற நோட்டுதான், ஆனாலும் சட்டென்று வராது. கோனார்க் சூரியக் கோயில். 1979-ல் நிக்கர்சன், ஆடம்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் அமெரிக்கர்களிடம் அவர்களுடைய ஒரு சென்ட் காசை மனதிலிருந்து வரையச் சொன்னார்கள். லிங்கனின் முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதிலேயே பலர் தடுமாறினார்கள்.

பலமுறை பார்த்ததாலேயே மனதில் பதிந்துவிட்டது என்று நம்புவதுதான் முதல் தவறு. பரீட்சைக்குப் படிக்கிறவர்கள் இதில் நன்றாக மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு பாடத்தை மூன்றாம் முறை வாசிக்கும்போது வரிகள் வழுக்கிக்கொண்டு போகும், ‘எல்லாம் தெரியும்’ என்று தோன்றும். கல்யாண வீட்டில் எதிரே வருகிறவரைப் போலத்தான்: பழகிய முகம், பெயர் மட்டும் வராது.

ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியலாளர்கள் 2006-ல் இதைச் சோதித்தார்கள். ஒரு குழு ஒரு பகுதியை இரண்டு தடவை வாசித்தது. இன்னொரு குழு ஒரு தடவை வாசித்துவிட்டு, அதைப் பார்க்காமல் நினைவுக்கு வந்ததை எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இரண்டு தடவை வாசித்தவர்கள்தான் முன்னால்: 81 சதவீதம், மற்றவர்கள் 75. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது தலைகீழ். வாசித்தவர்களிடம் 42 சதவீதம் மிச்சம், எழுதிப் பார்த்தவர்களிடம் 56. கடைசி நேரத்தில் புரட்டுவது பலிப்பதுபோல் தெரிவதும், அடுத்த வாரமே காணாமல் போவதும் இதனால்தான். மறதியின் பெரும்பங்கு முதல் நாளிலேயே நடந்துவிடுகிறது என்பதை ஜெர்மன் உளவியலாளர் எபிங்காஸ் தன்னையே சோதித்துப் பார்த்து 1885-லேயே எழுதிவிட்டார். ஆகவே மறுநாளே புத்தகத்தை மூடிவைத்து ஒருமுறை எழுதிப் பார்ப்பது நல்லது. பிள்ளைக்கு வல்லாரை வாங்குவதற்கு முன் ஒரு ரஃப் நோட்டு வாங்கிக் கொடுங்கள்.

அடுத்த தவறு, எவ்வளவு உறுதியாகச் சொல்கிறோமோ அவ்வளவு உண்மை என்று எடுத்துக்கொள்வது. 1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் வெடித்துச் சிதறியது. மறுநாள் காலையே உளவியலாளர் நைஸர், அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழக மாணவர்களிடம், செய்தியை எங்கே, யார் சொல்லிக் கேட்டீர்கள் என்று எழுதி வாங்கி வைத்துக்கொண்டார். இரண்டரை ஆண்டு கழித்து, அவர்களில் 44 பேரிடம் அவரும் சக ஆய்வாளர் ஹார்ஷும் அதே கேள்விகளைக் கேட்டார்கள். முழுக்கச் சரியாகச் சொன்னவர்கள் மூன்றே பேர். 11 பேர் சொன்னதில் எதுவுமே பொருந்தவில்லை. ஆனால் பலரிடம் சந்தேகத்தின் நிழல்கூட இல்லை. அவர்கள் கைப்பட எழுதிய தாளை எடுத்துக் காட்டியும் பழைய நினைவு திரும்பவில்லை.

அவர்கள் பொய் சொல்லவில்லை. நினைவு என்பது பெட்டியில் பூட்டிவைத்த வீடியோ அல்ல. ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் மனம் அதைத் துண்டு துண்டாகச் சேர்த்துக் கட்டுகிறது, காணாமல் போன துண்டுக்குப் பொருத்தமாக வேறொன்றைச் செருகிக்கொள்கிறது. நம் வீட்டில் “அன்னைக்கு நீங்கதான் சொன்னீங்க” சண்டைகள் முடியாமல் இழுப்பதற்கும் இதில் பங்கு உண்டு. இரண்டு பேருமே சத்தியம் செய்யத் தயாராக இருப்பார்கள்.

அப்புறம், நாம் கேட்கிற விதம். 1974-ல் லாஃப்டஸ், பால்மர் என்ற உளவியலாளர்கள் கார் விபத்துப் படம் ஒன்றைக் காட்டிவிட்டு, கார் எவ்வளவு வேகத்தில் போனது என்று கேட்டார்கள். ‘மோதி நொறுங்கியபோது’ என்று கேட்கப்பட்டவர்கள் ‘இடித்தபோது’ என்று கேட்கப்பட்டவர்களைவிட அதிக வேகம் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்து, ‘உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா?’ என்ற கேள்விக்கு முதல் குழுவில் 50-க்கு 16 பேர் ஆமாம் என்றார்கள், இரண்டாம் குழுவில் 7 பேர். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது.

பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து முழங்காலில் சிராய்ப்போடு வந்தால் “என்ன நடந்துச்சு?” என்று மட்டும் கேட்டுவிட்டு, சொல்லி முடிக்கும் வரை காத்திருங்கள். “அந்தப் பையன்தானே தள்ளிவிட்டான்?” என்று நாலு தடவை கேட்டால், சாயங்காலத்துக்குள் பிள்ளைக்கும் அப்படித்தான் ஞாபகம் வந்துவிடலாம்.