ஆக்சில் உடைந்தது எந்தப் பக்கம்? ஹவுசிங்கைக் கழற்றும் முன் கண்டுபிடிப்பது எப்படி

வேர் வாடல் நோயால் பொள்ளாச்சிப் பக்கம் தோப்பு தோப்பாகத் தென்னையை வெட்டுகிறார்கள். வெட்டிய மரத்தைச் சங்கிலி போட்டு இட்டேரி (தோட்டங்களுக்கு நடுவே போகும் வண்டித்தடம்) வரை இழுத்து வருவதுதான் எங்கள் பழைய டிராக்டருக்கு இப்போது வேலை. ஐப்பசி மழையில் ஒரு நாள் பின்சக்கரம் ஒன்று சேற்றில் சும்மா சுழன்று, திடீரென்று கல்லைப் பிடித்தது. பின்னால் 'டக்' என்று ஒரே ஒரு சத்தம். அதற்குப் பிறகு எந்தக் கியரிலும் வண்டி நகரவில்லை. கிளட்சை விட்டாலும் இன்ஜின் திணறவில்லை.

உடைந்தது ஆக்சில், அதாவது பின்சக்கரத்தைச் சுழற்றும் தண்டு. அது ஹவுசிங் என்ற இரும்புக் கூட்டுக்குள், பக்கத்துக்கு ஒன்றாக இருக்கிறது. நான் வலதுபக்கத்தைக் கழற்றினேன். உடைந்திருந்தது இடதுபக்கம். ஒரு நாள் உழைப்பும் 40 லிட்டர் ஆயிலும் போயின. உங்களுக்கும் அப்படி ஆக வேண்டாம்.

வண்டியை நிறுத்துவது

ஆக்சில் உடைந்த வண்டி கியரில் போட்டாலும் நிற்காது. சரிவில் இருந்தால் முதலில் சக்கரங்களுக்குக் கல் வையுங்கள், மற்றதெல்லாம் பிறகு. சமதரைக்குக் கொண்டுவந்து, முன்சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுத்து, சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பின்சக்கரம் இரண்டையும் தூக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள். ஹவுசிங்குக்குக் கீழே கனமான மரக்கட்டை அடுக்கிவிடுங்கள். என்னைக் கேட்டால் பழைய திருகு ஜாக்கிதான். ஆயில் ஜாக்கி மெல்ல மெல்ல இறங்கும், நாம் கவனிக்க மாட்டோம்.

கிளட்சைச் சந்தேகித்து முடித்துவிடுங்கள்

பி.டி.ஓ. (பின்னால் மாட்டும் கருவிகளைச் சுழற்றும் தண்டு) சுற்றுகிறதே, அப்படியானால் கிளட்ச் நன்றாக இருக்கிறது என்று பலர் சொல்வார்கள். ஒற்றைக் கிளட்ச் வண்டிக்கு அது சரி. இரட்டைக் கிளட்சில் பி.டி.ஓ.வுக்குத் தனித் தட்டு உண்டு. அது சுற்றுவதை வைத்து எதையும் சொல்ல முடியாது. வேக வரிசையை மாற்றும் ஹை-லோ லீவர் நியூட்ரலில் விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். சிரிக்காதீர்கள், நடந்திருக்கிறது.

நான் ஏமாந்த இடம்

அன்று நான் வலது சக்கரத்தை மட்டும் தூக்கினேன். வண்டி கியரில் இருந்தது, இடது சக்கரம் தரையில் இருந்தது. அந்த நிலையில் வலது சக்கரம் அசையவே கூடாது. ஆனால் கையால் தள்ளியதும் தாராளமாகச் சுற்றியது. வலது ஆக்சில் போய்விட்டது என்று முடிவு கட்டிவிட்டேன்.

தவறு. இரண்டு பின்சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலை மாட்டு வண்டியின் நுகத்தடியாக நினைத்துக்கொள்ளுங்கள். நுகம் நடுவில் கட்டப்பட்டிருக்கிறது. இடதுமாடு பூட்டு அறுந்து விலகிவிட்டால், நல்ல வலதுமாடு இழுக்கும்போது நுகம் திரும்புமே ஒழிய வண்டி நகராது. அதேபோல இடது ஆக்சில் உள்ளே உடைந்திருந்தால், வலது சக்கரத்தின் சுற்று டிஃபரன்ஷியல் வழியாக அந்த உடைந்த துண்டுக்குப் போய் அதைச் சும்மா சுழற்றுகிறது. ஆகவே நல்ல சக்கரமும் சுற்றும், கெட்ட சக்கரமும் சுற்றும்.

நுகத்தை ஏர்க்காலோடு இறுக்கிக் கட்டினால் திரும்பாது அல்லவா? டிஃபரன்ஷியல் லாக் அதைத்தான் செய்கிறது.

சரியான சோதனை

இரண்டு சக்கரமும் மேலே. கை பிரேக் விடுபட்டிருக்கட்டும். இன்ஜின் அணைந்த நிலையில் லோ முதல் கியர். முதலில் லாக் இல்லாமல் ஒரு சக்கரத்தைச் சுற்றுங்கள். மற்றது எதிர்த்திசையில் சுற்றினால் அந்தப் பகுதி நலம். அசையாமல் நின்றால் உள்ளே ஏதோ அறுந்திருக்கிறது.

இப்போது ஒருவர் லாக் பெடலை மிதித்துக்கொண்டிருக்க, நீங்கள் இரண்டு சக்கரத்தையும் தனித்தனியாகத் தள்ளிப் பாருங்கள். கொஞ்சம் ஆடிவிட்டு நின்றுவிடும் சக்கரம் நல்லது. அந்த ஆட்டம் பற்களுக்கிடையே இருக்கும் இடைவெளிதான். முழுச் சுற்று சுற்றும் பக்கத்தில்தான் உடைப்பு. இரண்டும் சேர்ந்தே சுற்றினால் ஆக்சிலை விட்டுவிட்டு, டிஃபரன்ஷியலைச் சுழற்றும் கிரவுன், பினியன் பற்சக்கரங்கள், கியர்பாக்ஸ் பக்கம் போங்கள்.

ஒரு விதிவிலக்கு: டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் சின்ன கியர்கள் நொறுங்கியிருந்தாலும், லாக் அமைந்திருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கச் சக்கரம் இதே மாதிரி சுற்றும். அதை ஆயில்தான் காட்டிக்கொடுக்கும்.

பின்சேர்க்கை: லாக் மிதித்தும் இரண்டு சக்கரமும் தனித்தனியே சுற்றுகின்றன என்று கோபிச்செட்டிபாளையத்திலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். லாக் பற்கள் நேருக்கு நேர் வந்தால்தான் விழும். பெடலை அழுத்தியபடியே சக்கரத்தை மெதுவாக முன்னும் பின்னும் ஆட்டினால் 'கிளிக்' என்று பிடிக்கும். அவருக்கு அப்படித்தான் பிடித்தது.

இன்னொன்று: கனடாவில் மரம் இழுக்கும் ஸ்கிட்டர் ஓட்டும் தம்பி ஒருவர், தன் வண்டி ஓடாமல் நின்றுவிடவில்லை, இழுவைதான் குறைந்துவிட்டது என்று கேட்டிருந்தார். அவை நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிகள். ஓர் ஆக்சில் போனாலும் மற்றது நகர்த்திவிடும். ஒவ்வோர் ஆக்சிலையும் தனியாகத் தூக்கி இதே சோதனையைச் செய்ய வேண்டும். சக்கரத்தின் மையத்தில் பிளானட்டரி கியர் (வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் பற்சக்கரத் தொகுதி) இருப்பதால் அங்கும் உடைப்பைத் தேடுங்கள்.

ஆயிலும் உடைந்த முகமும்

ஆயிலை வெள்ளை வேட்டித் துணி வழியாக வடியுங்கள். டிரெயின் போல்ட் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருப்பது இயல்பு; விரலில் குத்தும் செதில் இயல்பல்ல. மஞ்சள் உலோகப் பொடி வந்தால் வாஷர் தேய்ந்திருக்கிறது. பால் போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது.

என் ஆக்சிலின் உடைந்த முகத்தில் ஓரமாகப் பிறை வடிவில் ஒரு பகுதி கறுத்து மழுங்கியிருந்தது, மீதி புதிதாக மினுங்கியது. கறுத்தது பழைய விரிசல். அது பல மாதமாக வளர்ந்திருக்கிறது; கல் கடைசித் தள்ளுதலை மட்டும்தான் கொடுத்தது. ஆக்சில் முனையில் வெட்டியிருக்கும் ஸ்பிளைன் பற்கள் கயிறு போல முறுக்கியிருந்தால் மட்டும் பாரத்தின் மேல் பழி போடுங்கள்.

புது ஆக்சிலை ஏற்றும் முன் உடைந்த துண்டுகளைச் சாக்கின் மேல் ஒன்றோடொன்று பொருத்தி வையுங்கள். எனக்கு நக அளவு ஒரு சில்லு குறைந்தது. ஆயிரக்கணக்கில் விற்கும் கேமராக் குழாய் எதுவும் வேண்டியதில்லை. மூங்கில் குச்சியில் கட்டிய பழைய ஸ்பீக்கர் காந்தத்தை உள்ளே விட்டுத் துழாவினேன், கிரவுன் பல்லுக்குக் கீழே ஒட்டிக்கொண்டு வந்தது.